பங்கு பிரித்த காரும் இறங்காத ஊசியும்

வடக்குப் புளியடியில் நாலு அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். ஊருக்குள் போய் அவர்களைப் பற்றி விசாரித்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வழி மட்டும் காட்டுவார்கள். நானும் குறை சொல்ல வரவில்லை. சொன்ன சொல்லைக் கேட்டு நடக்கிறவர்கள் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறார்கள்? இவர்கள் நாலு பேரும் கேட்டு நடப்பார்கள். ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் நடப்பார்கள். வந்த வம்பெல்லாம் அதனால்தான்.

அவர்களுடைய அப்பா சாகக் கிடந்தபோது நாலு பேரையும் கூப்பிட்டு, "சண்டை போடாம எல்லாத்தையும் சமமாப் பங்கு போட்டுக்கிடுங்க" என்றார். சொல்லும்போது அவருடைய விரல் ஜன்னலுக்கு வெளியே நின்ற காரின் பக்கம் நீண்டிருந்தது. அவர் காட்டியது வீட்டையா, வயலையா, பொதுவாக உலகத்தையா என்பது யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் விரலைப் பார்த்தார்கள். வீடும் வயலும் இன்றைக்கும் பொதுவில்தான் கிடக்கின்றன. காரை மட்டும் பிரித்துப் பத்திரம் எழுதிவிட்டார்கள்.

மூத்தவர் கோமதிநாயகத்துக்கு இஞ்சினும் ரேடியேட்டரும் சாவியும். இரண்டாமவர் திருமலைக்கொழுந்துக்கு ஸ்டியரிங்கும் மீட்டர் போர்டும். மூன்றாமவர் பூதத்தானுக்குச் சக்கரங்கள், பிரேக், பெட்ரோல் டேங்க். கடைசி சொரிமுத்துவுக்கு சீட்டு, கதவு, ஹாரன். பத்திரத்தை நாலாக மடித்து காரின் முன்பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கார் ஓடும் அழகைப் பார்க்க வேண்டும். பெரிய பழைய கார், முன்பக்கமும் ஒரே நீளச் சீட்டு. கோமதிநாயகம் சாவியைத் திருகிவிட்டு ஓரத்தில் போய் உட்காருவார். திருமலைக்கொழுந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார். நடுவில் பூதத்தான் காலைக் குறுக்கே நீட்டிப் பிரேக்கின் மேல் வைத்திருப்பார். அவருடைய பிரேக்கை அவர்தானே மிதிக்க வேண்டும்? ஹாரன் அடிக்க வேண்டுமென்றால் பின்சீட்டிலிருந்து சொரிமுத்து எட்டி, அண்ணன் தோளுக்கு மேலே கையை விட்டு அழுத்துவார். எதிரில் மாடு வந்தால் மூன்று பேர் கலந்து பேச வேண்டும். மாடுகள் பழகிவிட்டன, தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்.

மீட்டர் போர்டு என்றால் திருமலைக்கொழுந்துக்கு உயிர். வீடு திரும்பியதும், மூத்தவர் இஞ்சினை அணைப்பதற்கு முன்பே அதன்மேல் ஒரு சிவப்புத் துணியைப் போட்டு மூடிவிடுவார். மறுநாள் இஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் துணியை எடுப்பார். தூங்குகிறவர்களை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவருடைய எண்ணம். அதனால் கார் அணைந்திருக்கும்போது அந்த ஊசிகள் எங்கே கிடக்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு பேருக்கும் ஒரே தங்கை, ஆவுடையம்மாள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி மாவிலங்கைப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மூத்த மகள் கல்யாணத்துக்கு இவர்கள் தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுப் பந்தி முடிந்து, இலை எடுக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். வழியில் எதிர்ப்பட்ட ஒரு மாடு பழகாத மாடு. அன்றைக்கு மண்டப வாசலிலேயே நின்று நின்று ஆவுடையம்மாளுக்குக் கால் வீங்கிவிட்டது. பிறந்த வீட்டு ஆள் இல்லாத கல்யாணம் என்று வந்தவர்கள் பலவிதமாகப் பேசினார்கள். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இப்போது இளையவள் செண்பகவல்லிக்குக் கல்யாணம். இரண்டு நாள் முன்னால் ஆவுடையம்மாள் போன் பண்ணினாள்.

"அண்ணே, இந்தத் தடவையும் என்னைய வாசல்ல நிக்க வச்சிராதீங்க. தாய்மாமன் மாலை போடாம எம்பிள்ளை மணவறை ஏறாது. பன்னெண்டு மணிக்குள்ள தாலி கட்டியாகணும். நாலு பேரும் அப்பா கார்ல வந்து மண்டப வாசல்ல இறங்கணும். பஸ்ல வந்து முக்குல இறங்கி நடந்து வராதீங்க. சம்பந்தி அம்மா பாத்துக்கிட்டே இருப்பா. சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளையையும் அப்பா கார்லயே மறுவீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். இதையும் செய்யலன்னா எனக்குப் பொறந்த வீடே இல்லன்னு நெனைச்சுக்கிடுதேன்."

கடைசி வார்த்தையில் அவள் அழுதுவிட்டாள். போன் கை மாறியது. நாலு பேரும் வரிசையாகச் சரி என்று சொல்லி, வரிசையாக மூக்கைச் சிந்தினார்கள். தங்கை மேல் அவர்களுக்குப் பாசம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பாசம் நிறைய இருந்தது. குறைந்தது வேறு ஒன்று.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு, சீர்த் தட்டுகளும் மாலையும் பின்சீட்டில் ஏறின. கோமதிநாயகம் சாவியைத் திருகினார். திருமலைக்கொழுந்து சிவப்புத் துணியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"ஏல பூதத்தான், இங்க பாரு. நேத்து பெட்ரோல் ஊசி அடியில கெடந்துச்சுல்லா? இன்னைக்கு முழு டேங்க் காட்டுது."

"போற வழியில போடணும்னுதான நெனைச்சோம்?" என்றார் கோமதிநாயகம். "யாரு போட்டா?"

யாரும் போடவில்லை. நாலு பேரும் இறங்கி டேங்க் மூடியைச் சுற்றி நின்று யோசித்தார்கள். பூதத்தான்தான் கண்டுபிடித்தார்.

"ராத்திரி ஊறியிருக்கும்ணே. கெணத்துல சாயங்காலம் தண்ணி அடியில கெடக்கு, காலையில பாத்தா ஊறி நிக்கில்லா? அது மாதிரிதான். டேங்க் நல்ல டேங்க்."

அது தன் பங்கு டேங்க் என்பதால் பூதத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று பேரும் அவரைப் பாராட்டினார்கள். பெட்ரோல் பங்கைத் தாண்டும்போது சொரிமுத்து அண்ணன் தோளுக்கு மேலே கையை விட்டு, சும்மா ஒரு ஹாரன் அடித்துவிட்டு வந்தார்.

ஐந்தாவது கிலோமீட்டரில்தான் இஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரைத் திருமலைக்கொழுந்து பார்த்தார். வழக்கமாக நடுவில் நிற்கும் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டி, மீட்டரின் கோடியில் உள்ள தடுப்பில் முட்டிக்கொண்டு நின்றது.

அந்தக் காரைப் பற்றி அப்பா இரண்டு கட்டளை விட்டுப் போயிருந்தார். ஒன்று, ஊசி சிவப்பைத் தொட்டால் வண்டியை நிறுத்து, ஊசி இறங்காமல் எடுக்காதே. இரண்டு, வழியில் இஞ்சினை அணைக்காதே, அணைத்தால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். இரண்டும் நல்ல கட்டளைகள்தான். ஒரே நேரத்தில் இரண்டையும் நிறைவேற்றுகிறவர்கள் பிறப்பார்கள் என்று அப்பா நினைத்திருக்கமாட்டார்.

வண்டியை ஓரமாக நிறுத்தினார்கள். இஞ்சினை அணைக்கவில்லை. அது உறுமிக்கொண்டே நின்றது. நாலு பேரும் மீட்டருக்கு முன்னால் தலையை நீட்டி, ஊசி இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆனது. ஊசி அசையவில்லை.

"அண்ணே, ஒங்க இஞ்சின் கொதிக்கி" என்றார் திருமலைக்கொழுந்து.

கோமதிநாயகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "எவம்ல சொன்னான்? எம்பங்கு இஞ்சின் கொதிக்காது. ஒம்பங்கு மீட்டர் பொய் சொல்லுது."

"எம்மீட்டர் இதுவரைக்கும் ஒரு பொய் சொல்லியிருக்கா?"

"எம்இஞ்சின் இதுவரைக்கும் கொதிச்சிருக்கா?"

பேசிப் பயனில்லை என்று கோமதிநாயகம் பட்டு வேட்டியோடு ஏறி பானெட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "பாரு, உக்காந்திருக்கேன். சுட்டா எந்திரிக்கமாட்டேனா?" என்றார். இஞ்சின் உறுமியதில் அவருடைய கன்னச் சதை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திருமலைக்கொழுந்து உள்ளே மீட்டரைக் காட்டினார். அது சிவப்பில் நின்றது. இரண்டு பக்கமும் சாட்சி பலமாக இருந்ததால் யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

"ரெண்டு பேரும் சொல்லுதது சரிதாண்ணே" என்றார் சொரிமுத்து. அவர் எப்போதும் சமாதானப் பிரியர். "இஞ்சின் சுடலை. மீட்டருதான் சுடுது. சுடுத எடத்துலதான குளிர்ச்சி வைக்கணும்?"

இதில் யாருக்கும் மறுப்பு இல்லை. சீர்த் தட்டிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து, பன்னீர் விட்டுக் குழைத்து, ஹீட் மீட்டரின் கண்ணாடி முழுக்கத் தடித்துப் பூசினார்கள். சொரிமுத்து விசிறினார். கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்தால் ஊசியும் தெரியவில்லை, சிவப்பும் தெரியவில்லை.

"இறங்கிருச்சு" என்றார் திருமலைக்கொழுந்து, நிம்மதியாக.

கார் கிளம்பியது. இருபது கிலோமீட்டர் வாசனையாகப் போனது. அதற்குள் வெயில் ஏறி, சந்தனம் காய்ந்து, வெடித்து, பொத்தென்று திருமலைக்கொழுந்தின் மடியில் விழுந்தது. ஊசி சிவப்பில் நின்றது. பூதத்தான் பிரேக்கை மிதித்தார். மணி எட்டேகால்.

இந்தத் தடவை மெக்கானிக் சவரிமுத்துவுக்குப் போன் பண்ணினார்கள். இருபது வருஷமாக அந்தக் காரைப் பார்க்கிறவர். பொறுமைசாலி. காருக்கு மட்டும் வைத்தியம் பார்த்திருந்தால் அவருக்கு இவ்வளவு பொறுமை தேவைப்பட்டிருக்காது.

"பயப்படாதீங்க அண்ணாச்சி" என்றார் சவரிமுத்து. "இஞ்சின் மண்டையில ஒரு சென்சார் திருகியிருக்கும். அதுல ஒத்த வயர் மாட்டியிருக்கும். அந்த வயரைக் கழத்துங்க. ஊசி கீழ விழுதான்னு பாத்துட்டுச் சொல்லுங்க. விழுந்தா சென்சார் போச்சு. விழலன்னா கோளாறு வேற எடத்துல."

பானெட்டைத் தூக்கினார்கள். வயர் இருந்தது. கை வைக்கப்போன கோமதிநாயகத்தைத் திருமலைக்கொழுந்து தடுத்தார்.

"அண்ணே, அது மீட்டர் வயர். மீட்டர் எம்பங்கு."

"இந்தப் பக்கம் இஞ்சின்லல்லா மாட்டியிருக்கு? இஞ்சின் எம்பங்கு."

பத்திரத்தை எடுத்து வந்து சொரிமுத்து சத்தமாக வாசித்தார். நாலு பக்கத்திலும் வயர் என்ற பேச்சே இல்லை. எழுதும்போது யாருக்கும் தோன்றவில்லை. நாலு பேரும் திகைத்துப் போனார்கள். இத்தனை வருஷமாக ஒரு வயர் யாருக்கும் சொந்தமில்லாமல் காருக்குள் அநாதையாக ஓடியிருக்கிறது.

"இது வரப்பு மாதிரி" என்று பூதத்தான் தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு வயலுக்கும் நடுவுல இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் கை வைக்கணும்."

மூத்தவரும் இரண்டாமவரும் ஆளுக்கு இரண்டு விரலால் வயரைப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் இழுத்துக் கழற்றினார்கள். பிறகு பயபக்தியோடு திரும்பவும் மாட்டினார்கள்.

"கழத்தியாச்சு சவரி" என்றார் கோமதிநாயகம் போனில்.

"ஊசி விழுந்துச்சா?"

"அதை எப்படிப் பாக்க முடியும்? நாங்க ரெண்டு பேரும் இங்க வயரைப் பிடிச்சிருந்தோம்லா?"

"தம்பிமாரு ரெண்டு பேரு இருக்காங்கள்லா அண்ணாச்சி? அவங்க பாக்கக் கூடாதா?"

"பங்காளி கூட இருந்து காட்டாம, அடுத்தவன் பங்கு மீட்டரை அவனுவ எப்படிப் பாப்பானுவ?"

போனில் சவரிமுத்துவின் பட்டறையில் யாரோ தகரத்தைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் பத்திரத்தின் பின்பக்கத்தில், இன்று ஒரு நாள் மட்டும் சொரிமுத்து மீட்டரைப் பார்க்கலாம் என்று திருமலைக்கொழுந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். வயரைத் திரும்பவும் கழற்றினார்கள். சொரிமுத்து பார்த்தார். ஊசி விழவில்லை. சிவப்பிலேயே நின்றது.

"சரி" என்றார் சவரிமுத்து. "பக்கத்துல பெட்ரோல் ஊசி எங்க நிக்கி?"

"அது முழுசா நிக்கி. காலையில இருந்து ஒரு நூல் இறங்கல" என்றார் பூதத்தான், போனுக்குள் தலையை நீட்டி.

"எப்ப பெட்ரோல் போட்டீங்க?"

"போடலயே. ஊறியிருக்கு."

போனில் தகரம் தட்டும் சத்தமும் நின்றுவிட்டது.

"ஏ மாதாவே" என்றார் சவரிமுத்து. "அண்ணாச்சி, நல்லாக் கேளுங்க. மீட்டர் போர்டுக்குப் பின்னால ரெண்டு மீட்டர் வயரும் ஒண்ணாப் போகும். ரெண்டும் தோல் உரிஞ்சு வண்டித் தகரத்துல தொட்டிருக்கும். அப்படித் தொட்டா ரெண்டு ஊசியும் ஒண்ணா மேல போயிரும். ரெண்டுமே பொய் சொல்லுது. இஞ்சின் நல்லாருக்கு. பெட்ரோல்தான் இருக்காது. மொதல்ல பெட்ரோல் போடுங்க. போட்டுட்டு, மீட்டரைப் பாக்காம ஓட்டிட்டுப் போங்க. மத்ததை நான் நாளைக்குப் பாத்துக்கிடுதேன்."

போனை வைத்ததும் கோமதிநாயகம் தம்பியைப் பார்த்து, "கேட்டியா? எம்இஞ்சின் நல்லாருக்காம்" என்றார். திருமலைக்கொழுந்தின் கண் கலங்கியது. தன் மீட்டர் பொய் சொல்லும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் பூதத்தான் விடவில்லை.

"சூடுன்னு கெட்ட சேதி சொல்லுத மீட்டர் பொய் சொல்லலாம்ணே. அதை நான் ஒத்துக்கிடுதேன். நெறைஞ்சிருக்குன்னு நல்ல சேதி சொல்லுத மீட்டர் எதுக்குப் பொய் சொல்லணும்? அதுக்கு என்ன லாபம்?"

கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். ஹீட் மீட்டர் பொய் என்று நாலு கை. பெட்ரோல் மீட்டர் நிஜம் என்று நாலு கை. திருமலைக்கொழுந்து இரண்டு கையையும் தூக்கினார், ஒரு மீட்டராவது மானத்தோடு பிழைக்கட்டும் என்று. இவ்வளவும் நடந்து முடிய மணி ஒன்பதேகால் ஆகியிருந்தது. இஞ்சின் அந்த நேரம் முழுக்க உறுமிக்கொண்டே இருந்தது.

கிளம்பினார்கள். மீட்டரைப் பார்க்காமல் ஓட்டு என்று சவரிமுத்து சொல்லியிருந்ததால் திருமலைக்கொழுந்து முகத்தைப் பக்கத்து ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். அவர் அந்தப் பக்கத்துப் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்ட, முன்னால் ரோடு எப்படி இருக்கிறது என்று மற்றவர்கள் அவருக்கு வர்ணித்துக்கொண்டே வந்தார்கள். நல்லவேளை, கிளைரோடு பிரிகிற ஆலடி விலக்கு வரைதான் அந்தப் பயணம். அங்கே இஞ்சின் இரண்டு தடவை இருமி, ஒரு குலுக்குக் குலுக்கி, நின்றுபோனது.

காலையிலிருந்து முதல் தடவையாக அமைதி. ஒரு மைனா கத்தியது கேட்டது.

"குளிர்ந்து போச்சு" என்றார் கோமதிநாயகம். "ரெண்டு மணி நேரம் நிறுத்தி நிறுத்தி ஆற வச்சீங்கள்லா? எம்இஞ்சினை வெறைக்க வச்சே கொன்னுட்டீங்க."

சீர்த் தட்டிலிருந்த புது ஜமுக்காளத்தை எடுத்து பானெட்டின் மேல் போர்த்தினார்கள். அப்போது பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தினார். நல்ல மனுஷன். பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

"பெட்ரோல் தீந்திருக்கும் அண்ணாச்சி. ஏங்கிட்ட பாட்டில்ல ரெண்டு லிட்டர் இருக்கு. ஊத்திக்கிடுங்க."

பூதத்தான் அவரை உள்ளே கூப்பிட்டு, திருமலைக்கொழுந்தை விட்டு மீட்டரைக் காட்டச் சொன்னார். சாவி இன்னும் திறந்தே இருந்தது. ஊசி உச்சியில் நின்றது. "நெறைஞ்ச கொடத்துல ஊத்தினா வழியாதா?"

"ஒரு குச்சியை விட்டுப் பாருங்களேன்" என்றார் பைக்காரர்.

வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து டேங்குக்குள் விட்டார்கள். காய்ந்தபடியே வந்தது. பூதத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குச்சி சரியில்ல" என்று தூர எறிந்தார். பைக்காரர் பாட்டிலைப் பார்த்தார், குச்சி விழுந்த இடத்தைப் பார்த்தார், நாலு பேரின் பட்டு வேட்டியையும் பார்த்தார். பிறகு பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார்.

பத்து மணிக்கு ஆவுடையம்மாள் போன் பண்ணினாள். "அண்ணே, எங்க வாரீங்க? நான் வாசல்லதான் நிக்கேன்." அவ்வளவுதான் கேட்டாள். கோமதிநாயகம், "வந்துக்கிட்டே இருக்கோம்மா" என்று சொல்லிவிட்டு, நின்ற காரைப் பார்த்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மற்ற மூவரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த நிமிஷம் எனக்கே அவர்கள் மேல் இரக்கம் வந்தது.

பதினோரு மணிக்கு மாவிலங்கைப்பட்டி பஸ் அந்த விலக்கில் வரும் என்று வயலில் நின்ற ஒருவர் சொன்னார். மண்டப வாசல் வழியாகவே போகும் பஸ். ஆனால் பஸ்ஸில் வராதீர்கள், அப்பா காரில்தான் வர வேண்டும் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். சொல்லைத் தட்டவும் முடியாது, காரை நகர்த்தவும் முடியாது. நாலு பேரும் வேப்பமரத்தடியில் குந்தி யோசித்தார்கள். வெளிச்சம் சொரிமுத்துவுக்குத்தான் பிறந்தது.

"அண்ணே, கார்னா என்ன? நம்ம நாலு பேரு பங்கும் சேர்ந்ததுதான? அவனவன் பங்கை அவனவன் எடுத்துக்கிட்டு பஸ்ல ஏறுவோம். நாலு பங்கும் வந்தா கார் வந்ததாத்தான அர்த்தம்?"

அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு வேலையில் இறங்கினார்கள். சொரிமுத்து பின்சீட்டைப் பெயர்த்து எடுத்தார். பூதத்தான் டிக்கியிலிருந்து ஸ்டெப்னி டயரை இறக்கினார். திருமலைக்கொழுந்து முதலில் மீட்டர் போர்டின்மேல் சிவப்புத் துணியைப் போட்டு மூடினார், பிறகு துணிக்கு அடியில் கையை விட்டுத் திருகுகளைக் கழற்றி, வயர்களைப் பிய்த்து, போர்டை அப்படியே பெயர்த்துக்கொண்டார். கோமதிநாயகம் இஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். அசைத்துப் பார்த்தார். கடைசியில் ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மூத்தவனுக்கு இவ்வளவு சின்னப் பொருளா என்று அவருக்கு உள்ளுக்குள் வருத்தம்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. இவர்களுக்கு இடம் தேவைப்படவும் இல்லை. நடைபாதையில் தங்கள் சீட்டைப் போட்டு, சீரை மடியில் வைத்து, நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். திருமலைக்கொழுந்து மூடிய போர்டை இரண்டு கையாலும் பிடித்து வளைவுகளில் திருப்பினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பூதத்தான் காலால் தரையை மிதித்தார். சொரிமுத்து வாயாலேயே ஹாரன் அடித்தார்.

கண்டக்டர் குனிந்து அவர்களைப் பார்த்தார். "நீங்கள்லாம் எங்க போறீங்க?"

"கல்யாணத்துக்கு. எங்க கார்லதான் போறோம்" என்றார் கோமதிநாயகம், மூடியைக் காட்டி.

கண்டக்டர் நாலு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். மண்டப வாசலிலேயே நிறுத்தச் சொன்னபோது டிரைவர் உடனே நிறுத்தினார். அவர்களை இறக்கிவிட அவருக்கும் அவசரம்.

மணி பதினொன்றரை. வாசலில் ஆவுடையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சம்பந்தி அம்மா, "ஒங்க அண்ணன்மாரு கார் வருமா, இல்ல போன தடவை மாதிரி இலை எடுக்கத்தான் வருமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பஸ் நகர்ந்தது. பஸ் மறைத்திருந்த இடத்தில் கார் தெரிந்தது.

முன்னால் பூதத்தான் டயரை உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் திருமலைக்கொழுந்து போர்டைத் திருப்பித் திருப்பி வந்தார். பக்கத்தில் கோமதிநாயகம் மூடியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, மறு கையில் மாலையோடு வந்தார். கடைசியில் சீட்டைத் தலையில் சுமந்து, பாம் பாம் என்று சத்தம் போட்டபடி சொரிமுத்து. வாசல்படி வந்ததும் பூதத்தான் காலால் தரையை மிதித்தார். நாலு பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

"அப்பா கார்லயே வந்துட்டோம்மா" என்றார் கோமதிநாயகம்.

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை மறந்துவிட்டார். ஆவுடையம்மாள் சீட்டைப் பார்த்தாள். அவள் கல்யாணமாகிப் புறப்பட்ட அன்று, அழுதுகொண்டே விரலால் நோண்டிக் கிழித்த கிழிசல் அதன் ஓரத்தில் அப்படியே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. "ஆமாண்ணே, அப்பா கார்தான்" என்று நாலு பேர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி அம்மா காரில் வருகிற மாமன்களைப் பார்த்திருக்கிறாள், கார் இல்லாத மாமன்களையும் பார்த்திருக்கிறாள். காரைத் தூக்கிக்கொண்டு வருகிற மாமன்களை அவள் என்ன சொல்லித் திட்டுவாள்?

செண்பகவல்லியை அந்தச் சீட்டிலேயே உட்கார வைத்து மாலை போட்டார்கள். பதினொன்று ஐம்பதுக்குத் தாலி ஏறியது. ஆவுடையம்மாள் அன்றைக்கு முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் சாப்பிட்டுவிட்டு வந்த மச்சான், ஆவுடையம்மாளின் வீட்டுக்காரர், "மீட்டர்ல ஏதோ கோளாறுன்னாங்களே, என்னாச்சு?" என்று கேட்டுவிட்டார். திருமலைக்கொழுந்து பெருமூச்சோடு சிவப்புத் துணியை விலக்கினார். ஹீட் மீட்டரின் ஊசி அடியோடு இறங்கிக் கிடந்தது.

"இறங்கிருச்சுடோய்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பந்தியில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். உடனே சவரிமுத்துவுக்குப் போன் போனது. கார் பூராவும் சுற்றிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு, போர்டைக் கழற்றி மடியில் வைத்ததும் சரியாகிவிட்டது என்று விளக்கமாகச் சொன்னார்கள். சவரிமுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்போதுதான் பூதத்தான் அலறினார்.

"அண்ணே! பெட்ரோல்!"

நாலு பேரும் குனிந்தார்கள். பெட்ரோல் ஊசியும் அடியில் கிடந்தது. பஸ் ஏறும்போது முழு டேங்க். இப்போது சொட்டு இல்லை.

"பஸ்லதான் எவனோ உருவிட்டான்" என்றார் சொரிமுத்து. "அந்தக் கண்டக்டர் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாம்லா?"

"சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணுமே" என்று பூதத்தான் தலையில் கை வைத்தார். தங்கைக்குக் கொடுத்த வாக்கில் பாதிதான் நிறைவேறியிருந்தது. மூன்று பேரும் மூத்தவரைப் பார்த்தார்கள். கோமதிநாயகம் ரேடியேட்டர் மூடியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நிதானமாக யோசித்தார். மூத்தவன் என்றால் சும்மாவா?

நாலரை மணிக்கு மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு பின்பக்கம் வந்த வாட்ச்மேன் பார்த்தார். கிணற்றடியில் காரின் சீட்டு ஒன்று போட்டிருந்தது. அதில் பொண்ணும் மாப்பிள்ளையும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். கிணற்றின் விளிம்பைச் சுற்றிப் பட்டு வேட்டி கட்டிய நாலு பேர் குந்தியிருந்தார்கள். கப்பியிலிருந்து ஒரு கயிறு உள்ளே இறங்கியிருந்தது. விளிம்பின் மேல் ஒரு சிவப்புத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது; அது மூடியிருந்த போர்டை மட்டும் மேலே காணவில்லை.

"என்ன அண்ணாச்சி, உள்ள என்ன விழுந்துட்டு?" என்றார் வாட்ச்மேன்.

"ஒண்ணும் விழல" என்றார் பூதத்தான், உதட்டில் விரலை வைத்து. "மெதுவாப் பேசும். ஊறுது."